காப்புக் கட்டிய கை

போன வாரம் வில்லியனூர் ஆஸ்பத்திரியில் என்னைத் தராசில் ஏறச் சொன்னார்கள். முன்பெல்லாம் டாக்டரைப் பார்த்த பிறகுதான் தராசு. இப்போது தராசைப் பார்த்த பிறகுதான் டாக்டர். இந்த மாற்றத்துக்கு உத்தரவு ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்டேன். நர்ஸ் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "செருப்ப கயட்டிட்டு ஏறு தாத்தா" என்றாள். ஏறினேன். "அம்பத்திமூணு" என்றாள்.

"சேவல்" என்றேன்.

"இன்னா தாத்தா?"

"ஒண்ணுமில்லம்மா, எழுதிக்கோ."

அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் குத்துச்சண்டைக்காரர்களை எடைபோட்டு வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இருப்பதிலேயே லேசானவன் ஈ. அடுத்தவன் சேவல். அதற்கும் மேலே இறகு. சேவலைவிட இறகு எப்படிக் கனமாயிற்று என்று அந்த நாளில் ஒரு துரையிடமே கேட்டேன். "விதி அப்படி" என்றார். அதற்குப் பிறகு நானும் சர்க்கார் வேலையில் பலருக்கு அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

ஏழுமலை சேவல். அபிஷேகப்பாக்கத்தில் கரும்பும் நெல்லும் போட்ட குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவன், அங்கே பாசறையில் குத்துச்சண்டை கற்றுக்கொண்டு, மூக்கு கொஞ்சம் கோணலாகி ஊர் திரும்பினான். அதையே தொழிலாக்கிக்கொண்டான். புதுச்சேரி நாடகக் கொட்டகைகள், காரைக்கால், ஒருமுறை சென்னை வரைக்கும்கூடப் போய்ச் சண்டை போட்டான். சுவரொட்டியில் 'சைகோன் சேவல்' என்று போடுவார்கள். அவன் தெருவில் நடந்தால், "டேய், சேவலு வருது, கூடைய எடுத்தாந்து கவுத்துடா" என்று பையன்கள் கத்துவார்கள். அவனும் ஒரு முறை கூவிவிட்டுத்தான் போவான்.

நான் அப்போது எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். அந்த அலுவலகத்தை மேரி என்போம். குத்துச்சண்டை நடத்த முத்திரைத்தாளில் மனு, மேயர் ஒப்புதல், டாக்டர் சான்று, போலீஸ் அனுமதி எல்லாம் வேண்டும். குத்து வாங்குகிறவனிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். ஏழுமலைக்கு இந்த வேலைகளை நான் பார்த்துக் கொடுத்தேன். என்னை 'முசே' என்பான், பிரெஞ்சில் 'ஐயா'. கேலியா மரியாதையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவனுக்கு எதிரி மேடையில் இல்லை, அடுப்படியில் இருந்தாள். அஞ்சலையம்மாள், அவன் தாயார். சண்டைக்கு முன் எடை குறைக்க வேண்டும்; பட்டினிதான் வழி. ஆனால் பெற்ற பிள்ளை சோற்றை ஒதுக்குவதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? வேண்டாம் என்றால் இன்னொரு கரண்டி விழும். எழுந்தால் அழுகை.

"ராசா மாதிரி பட்டாளத்துக்குப் போனவன் ஈர்க்குச்சி மாதிரி நிக்கறான். எவ கொடுப்பா இவனுக்குப் பொண்ண?"

அந்த வருஷம் பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாளுக்குப் புதுச்சேரியில் பெரிய சண்டை ஏற்பாடாயிற்று. எதிராளி கடலோர நல்லவாட்டுக் கலியன். மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, ஏழுமலையோடு ஒரே பாசறையில் படுத்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். ஏழுமலையின் எடையோ இறகுக்குப் போய்விட்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் தீமிதி அதே மாதம். காப்புக் கட்டிக்கொண்டவன் ஒருவேளை சாப்பாடு, கவிச்சி கிடையாது. யாரும் இன்னொரு கரண்டி போடமாட்டார்கள். அஞ்சலையம்மாளுக்கு அம்மனிடம் மட்டும்தான் பயம்.

போய்க் கட்டிக்கொண்டான். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை முடிந்து வலது மணிக்கட்டில் பூசாரி கட்டினார். "இன்னா வேண்டுதல்டா?" என்று தாயார் கேட்க, தலையைக் குனிந்துகொண்டான். பெண் கிடைக்கத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறான் என்று அவளே முடிவு செய்து, தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தாள்.

எடை சரசரவென்று இறங்கியது. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டோம்.

காப்புக்கும் விதிகள் உண்டு, எங்கள் அலுவலக விதிகளைவிடக் கறாரானவை. தீ மிதித்து முடிக்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ரத்தம் சிந்த வைக்கக் கூடாது. காப்பை அவிழ்க்கவே கூடாது. முதல் இரண்டையும் மீறுவதென்று ஏழுமலை துணிந்துவிட்டான். மூன்றாவது மட்டும் அவனால் முடியவில்லை. வயலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் என்னோடு வண்டியேறினான். எல்லைக் கல்லைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

கொட்டகையின் பின்கட்டில் எடை சரியாக இருந்தது. நடுவர் ஒரு பிரெஞ்சுக்கார சார்ஜென்ட். ஏழுமலையின் மணிக்கட்டைப் பார்த்தார். "இதை வெட்டு" என்றார். ஏழுமலை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"முசே, இன்னா வோணா சொல்லு. இத மட்டும் நான் அறுக்கமாட்டன். சண்டையே வாணாம்னாலும் சரி, வூட்டுக்குப் போயிடலாம்."

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்கோ வாதாட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விட மனம் வராது. இது மதச் சின்னம், மதத்தில் தலையிடுவதில்லை என்பது உங்கள் சர்க்காரின் கொள்கை, கையுறைக்கு உள்ளே சுற்றும் துணிக்கட்டுக்குள் மறைத்தால் விதிப்படி குறையில்லை என்று நல்ல பிரெஞ்சில் எடுத்துச் சொன்னேன். சார்ஜென்ட் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். கையுறைக் கயிறு கிழங்கை மணிக்கட்டு எலும்பில் அழுத்தியதால், ஏழுமலை அதைப் புறங்கைப் பக்கம் தள்ளி, மேலே துணியைச் சுற்றிக்கொண்டான். அந்தக் காலத்துக் கையுறை, உள்ளே அடைத்த குதிரைமுடியெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் வெறும் தோலாக இருக்கும்.

கலியன் அன்று அழகாக ஆடினான். ஏழுமலையின் குத்துகளுக்கெல்லாம் தலையைத் தழைத்துத் தழைத்துப் போக்குக் காட்டினான். கூட்டம் சிரித்தது. கடைசிக்கு முந்தின சுற்றில் ஒரே ஒரு வலக்கைக் குத்து, இடது கண்ணில் விழுந்தது. கலியன் உட்கார்ந்துவிட்டான். ஏழுமலை ஜெயித்துவிட்டான். நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

அந்தக் கண்ணில் பார்வை இனி வராது என்று இரண்டொரு நாளில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். கையுறைக்குள் இருந்த கிழங்கா, வெறும் குத்தா, எது செய்தது என்று யாருக்கும் தெரியாது. அப்படியொன்று உள்ளே இருந்தது ஏழுமலைக்கும் எனக்கும் சார்ஜென்ட்டுக்கும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கிழங்குதான் செய்தது என்பதில் ஏழுமலைக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"அம்மன் என்ன வுடமாட்டா முசே. குழியில எறங்கனதும் புடிச்சிக்குவா. புடிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீமிதி. கரகம் முன்னே போக, ஈர மஞ்சள் வேட்டியோடு ஒவ்வொருவராக ஓடிக் கடந்தார்கள். கண்ணில் கட்டோடு கலியனும் பார்க்க வந்திருந்தான்; கூட்டத்தில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். ஏழுமலை ஓடவில்லை. நடந்தான். களத்து மேட்டில் நடப்பதுபோல, ஒவ்வொரு காலையும் நன்றாக அழுந்த வைத்து நடந்தான். "ஓடுடா, ஓடுடா" என்று அஞ்சலையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். நடுவில் ஒரு கணம் நின்றான் என்றுகூடச் சொல்வேன். பிறகு பால் குழியில் இறங்கிக் கரையேறினான்.

காலில் ஒரு கொப்புளம் இல்லை. அவனுடைய பக்தியை ஊரே பேசியது. பெண் வீட்டார் இரண்டு பேர் அன்றைக்கே விசாரித்தார்கள். அவன் கோயில் மதில் பக்கம் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுடல முசே. ஒண்ணுமே பண்ணல. என்ன வேணான்னு வுட்டுட்டா."

அப்போது கலியன் வந்து தோளைத் தட்டினான். "இன்னாடா, நெருப்புல ஊர்கோலம் போற?" என்று சிரித்தான். ஏழுமலை காப்புக் கையை மடியில் மறைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவனுடைய தொழில் விசித்திரமாகப் போயிற்று. எடை குறைப்பதை நிறுத்திவிட்டான். தாயார் போட்டதையெல்லாம் சாப்பிட்டான், அவளுக்குப் பரம சந்தோஷம். இறகு வகுப்புக்குப் போனான், அங்கிருந்து அதற்கும் மேலே போனான். தன்னைவிட உயரமான, கை நீளமான ஆட்களாகத் தேடித் தேடிச் சண்டை ஒத்துக்கொண்டான். மனுக்களை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அந்த ஆட்களின் கண்ணுக்குக் குறி வைக்கமாட்டான். நெஞ்சிலும் வயிற்றிலும் தட்டிவிட்டு, தன் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான். தோற்று இறங்கும்போது உதடு கிழிந்திருக்கும், முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். அதுவும் ஒரு வாரம்தான் தங்கும். நெருப்பிடம் கேட்டுக் கிடைக்காததை மனிதர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்களாலும் முழுசாகக் கொடுக்க முடியவில்லை.

வந்த பெண்களையெல்லாம் வேண்டாம் என்றான். தாயார் இறந்தபின் சைகோனுக்கே போவதென்று தீர்மானித்தான். அங்கே பழைய அதிகாரி ஒருவரிடம் காவல் வேலை. ஐரோப்பாவில் அப்போதுதான் போர் மூண்டிருந்தது.

புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். ஆட்களைச் சலங்கு என்னும் பெரிய படகில் ஏற்றித் துடுப்புப் போட்டுக் கொண்டுபோய்விடுவார்கள். அன்றைக்குச் சலங்கில் துடுப்புப் பிடித்தவர்களில் ஒருவன் கலியன். ஒற்றைக் கண்ணோடு மேடை ஏற விடமாட்டார்கள், கடலுக்கு அந்த விதி கிடையாது. கடலுக்குள் நீண்டிருந்த கப்பல் பாலத்தின் முனையில் ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என் வாயால வரல முசே. நான் ஏறனதும் நீ கலியங்கிட்ட சொல்லிடு. அவன் திட்டறத நான் கேக்கவாணாம்."

படகில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து போனதைப் பார்த்தேன். போகிறவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. சலங்கு திரும்பியதும் கலியனைத் தனியே அழைத்து, துணிக்கட்டுக்குள் இருந்ததைச் சொன்னேன். சார்ஜென்ட்டிடம் நான் வாதாடியதையும் சொன்னேன்.

கலியன் துடுப்பைக் கீழே வைத்தான்.

"தெரியும் முசே. மொத சுத்துலயே மூக்குகிட்ட மஞ்ச வாசன. கட்டிப் புடிச்சப்ப கெயங்கு கையில தட்டுப்பட்டுச்சி. நாங்களுந்தான் காப்பு கட்றோம். கட்டனவனப் பாத்து அவுத்துடுன்னு எப்பிடிச் சொல்றது? குனிஞ்சிக்கலாம்னு இருந்தன். அந்த ஒரு தபா குனியல."

கப்பல் பக்கம் திரும்பிப் பார்த்தான். புகை விட ஆரம்பித்திருந்தது.

"நீ காலையிலயே சொல்லியிருந்தா போட்லயே அவங்கிட்ட, எனக்குத் தெரியும்டா வுடுன்னு சொல்லியிருப்பன். எதிர்லதான உக்காந்துனு வந்தான்."

இன்னொரு நடை போக முடியுமா என்று கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் கப்பல் நகர்ந்துவிட்டது.

சில மாதங்களில் ஜெர்மானியரிடம் பாரிஸ் விழுந்தது. சைகோனுக்குத் தபாலும் இல்லை, கப்பலும் இல்லை. எந்தக் காரியத்துக்கு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதது இல்லை. எல்லா ஜன்னலிலும் நின்று பார்த்தேன். போர் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் திரும்பியபோது ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஏழுமலையைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், குத்துச்சண்டைக் கொட்டகை அரிசிக் கிடங்காயிற்று, பழைய பாலத்தை ஒரு புயல் கொண்டுபோயிற்று. சலங்கு என்றால் என்னவென்று இன்றைக்கு நல்லவாட்டிலேயே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலியன் சாகிறவரை, கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டால் கரைக்குப் போய் நிற்பான். நானும் சில முறை கூடப் போயிருக்கிறேன். இறங்குகிறவர்களின் முகத்தை எனக்குள்ள இரண்டு கண்ணாலும் பார்த்துச் சொல்வது என் வேலை.