தண்ணீர் விழாத பாடம்

சேலம் டிரெயினிங் பள்ளியில் எனக்கு வைத்த கடைசிப் பரீட்சை ஒரு தம்ளர் தண்ணீர். தம்ளர் நிறைய ஊற்றி, மேலே கெட்டி அட்டையை வைத்து மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கையை எடுக்க வேண்டும். தண்ணீர் விழாது. கீழே இருந்து காற்று தாங்கிக்கொள்ளும். இதை நாற்பது பெண்பிள்ளைகளுக்கு நடத்திக் காட்டினால், வெளியூரிலிருந்து வரும் பரீட்சகர் அம்மா மார்க் போடுவார்.

அந்தச் சர்டிபிகேட்டை எனக்காக மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. நாமக்கல் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அப்போதுதான் நாலாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, தொடங்கியிருந்தார்கள். சேலத்தை விட்டு அங்கே போய் சயன்ஸ் சொல்லித்தர யாரும் சம்மதிக்கவில்லை. தலைமை ஆசிரியை எனக்கு எழுதியிருந்தார்: "நீ தேறி வந்தால் சயன்ஸ். இல்லாவிட்டால் அந்த நேரத்துக்குத் தையல் போட்டுவிடுவேன்." நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். சட்டைகளுக்குக் காஜா எடுத்தே இரண்டு வருஷத்தைத் தொலைத்து, பிறகு வீட்டில் சண்டை போட்டுச் சேலத்துக்கு வந்து படித்தவள். அந்தப் பிள்ளைகள் கையிலும் ஊசி ஏறப்போகிறதே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

தம்ளரைவிட, முன்னால் உட்காரும் பிள்ளைகள்தான் பெரிய தொல்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதே பாடத்தை இதே வகுப்பில்தான் நடத்துவோம். தம்ளரைக் கண்டாலே கொட்டாவி விடுவார்கள். போன வாரம் என் தோழி வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி, "காத்து தாங்குமுங்க டீச்சர், அடுத்த கேள்வி கேளுங்க" என்று முடித்துவிட்டாள். பிள்ளைகள் ஆச்சரியப்படாவிட்டால் மார்க் போய்விடும்.

ஆச்சரியத்தை விலைக்கு வாங்குவது என்று முடிவு செய்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய மாங்காய்த் துண்டுகளோடு போய் ஒத்திகை பார்த்தேன். நான் கவிழ்த்ததும் எல்லோரும் வாயைப் பிளக்க வேண்டும். மனசுக்குள் மூன்று எண்ணி, "தண்ணி உழுகலைங்க டீச்சர்!" என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால், யோசிப்பதுபோலத் தலையைச் சொறிய வேண்டும்.

முன் பெஞ்சில் நீளச் சடைக்காரி ஒருத்தி எழுந்தாள். "எந்தக் கையில சொறியறதுங்க டீச்சர்?"

"எந்தக் கையா இருந்தா என்ன சாமி, சொறிஞ்சாப் போதும்."

மறுநாள் பரீட்சகர் அம்மா வந்தார். பட்டுப்புடவை, சிரிக்காத முகம். நன்றாகப் பார்க்க வேண்டுமென்று நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த அட்டையை எடுத்துத் தம்ளரை மூடினேன், கவிழ்த்தேன், கையை எடுத்தேன்.

மொத்தத் தண்ணீரும் மேசையில் கொட்டி அந்த அம்மாவின் மடியில் இறங்கியது.

நாற்பது வாயும் பிளந்தன. மூன்று எண்ணினார்கள். "தண்ணி உழுகலைங்க டீச்சர்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். நான் கேட்காமலே எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள்.

சிரிப்பு தொண்டைவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"விழலையா?" என்றார் அந்த அம்மா, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"இல்லீங்க. காத்து தாங்குதுங்க" என்றார்கள் பிள்ளைகள்.

வேலை போனதுதான் என்று தெரிந்துவிட்டது. அதில் வந்த ஒரு தைரியத்தில் பிள்ளைகளிடம் கேட்டேன். "சாமி, பாடத்தை உடுங்க. கண்ணால பாத்ததைச் சொல்லுங்க. தண்ணி எங்கே இருக்குது?"

சடைக்காரி அந்த அம்மாவின் மடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அந்தம்மா சீலையிலங்க" என்றாள்.

"ஏன் உழுந்துச்சு?"

அதற்கு யாரும் பதில் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. அவள் எழுந்துவந்து மேசையில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்தாள். "இது மை ஒத்தற காயிதமுங்க டீச்சர்! ஊறித் தொங்கிப் போச்சுங்க." சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். பூவரச மரத்திலிருந்து அகலமான இலை ஒன்றைப் பறித்து வந்தாள். "ஏனுங்க டீச்சர், நானே கவுக்கட்டுங்களா?"

இத்தனை பேர் இத்தனை தடவை நடத்தியும் ஒரு பிள்ளையின் கையில்கூட அந்தத் தம்ளரைக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடுத்தேன். கவிழ்த்தாள். இலை நின்றது, தண்ணீரும் நின்றது. அப்போது வகுப்பில் எழுந்த சத்தத்தின் பக்கத்தில் என் ஒத்திகை நிற்க முடியாது. அப்புறம் ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். நோட்டு அட்டை, வாழைச் சருகு, ஒருத்தியின் தாவணி முனை என்று எல்லாவற்றையும் வைத்துக் கவிழ்த்தார்கள். தரையெல்லாம் குளம். மணி அடித்தபோது கரும்பலகையில் நான் ஒரு எழுத்துகூட எழுதியிருக்கவில்லை.

பிள்ளைகள் போனபின் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "விழலைன்னு சொல்ல அவங்களைப் பழக்கினது யாரு?"

எனக்கு முன்னால் நடத்தியவர்கள் தலையில் போட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை. "நான்தாங்க" என்றேன்.

"எத்தனை நாள்?"

"நேத்து ஒரு சாயங்காலந்தாங்க. மாங்காய் குடுத்தேன்."

அவர் கொசுவத்தைப் பிழிந்துகொண்டே பேசினார். "கண்ணு முன்னால தண்ணி கொட்டுது. நாப்பது பிள்ளைங்க கொட்டலைன்னு சொல்லுதுங்க. ஒரே சாயங்காலத்துல இவ்வளவு பழக்கியிருக்கீங்க. உங்களுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாதுன்னு நான் எப்படி எழுதறது?"

ஈரமாகிப்போன மார்க் தாளில் 'தேறினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஜூன் மாதமே நாமக்கல்லுக்குப் போனேன். ஆனால் அவர் சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.