மாடிப்படியில் கழற்றிய செருப்பு

திண்டிவனத்தில் எங்கள் சபையின் ஜெபக்கூடம் கீழே. போதகனான நான் மனைவியோடு மாடியில் குடியிருக்கிறேன். வழிபாட்டு இடத்துக்குச் சொத்து வரி இல்லை என்பதால், மாடியையும் ஜெபக்கூடம் என்றே எழுதிக் கொடுத்திருந்தேன். ஊழியக்காரன் வீடும் கர்த்தருடையதுதானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சித்திரை மாத மத்தியானம், நகராட்சியிலிருந்து அளவெடுக்க ஒருவர் வந்தார். நெற்றியில் விபூதி. கீழே மாடிப்படியருகிலேயே செருப்பைக் கழற்றினார்.

"பரவால்ல சார், போட்டுக்கினே வாங்க."

"சாமி கும்புடுற எடமாச்சே, பாஸ்டரய்யா."

மொட்டைமாடியைத் தாண்டித்தான் எங்கள் வாசல். கொதிக்கிற தரையில் அவர் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தார். நான் செருப்புக் காலோடு பின்னால் போனேன். உள்ளே என் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"ஜெபக்கூடம்னே எழுதிக்கிறேன். நீங்க பொய்யா சொல்லப் போறீங்க?"

ஜெபக்கூடம்தான் என்று சொன்னால் இன்னொரு பொய். வீடு என்று சொன்னால் இத்தனை வருஷம் எழுதிக் கொடுத்ததெல்லாம் பொய். மனைவி தலை நிமிரவே இல்லை.

கீழே இறங்கிப் போய் அவர் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தேன்.

"போட்டுக்குங்க சார். இது எங்க வீடு."

மொத்தம் பதினாறு படிதான். பிரசங்க மேடையில் எனக்கு ஒருநாளும் அப்படி மூச்சு வாங்கியதில்லை.