கோஸ்தானில் வந்த கல்யாணம்

சித்தப்பா தன் வேனுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வைக்காததுதான் குறை. சனிக்கிழமை விடிந்தால் அதற்குக் குளியல், பிறகு மெழுகுப் பூச்சு, பிறகு உள்ளே வாசனைத் தெளிப்பு. இருக்கைகளுக்கெல்லாம் சிவப்பு வெல்வெட் உறை தைத்துப் போட்டிருந்தார். அந்த வகை வேனில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். எண்ணெய் பார்க்க வேண்டுமென்றால் இருக்கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் வெல்வெட்டில் கறை பட்டுவிடும். ஆகவே வேன் வாங்கியதிலிருந்து அந்த இருக்கை தூக்கப்படவேயில்லை.

“கியர் எண்ண பாத்தியாடா?” என்று அப்பா அவ்வப்போது கேட்பார்.

“நல்லாத்தானே ஓடுது, விடுங்கலாண்ணே!” என்பார் சித்தப்பா.

வேன் நிற்கும் இடத்தில் சிமெண்டுத் தரையில் சிவப்பாகச் சொட்டுகள் விழுந்திருக்கும். சித்தப்பா அதன்மேல் ஓர் அட்டையைப் போட்டு மூடிவிடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வேன் யாருக்கும் தெரியாமல் ரோஸ் சிராப் குடித்துவிட்டு வாயொழுக நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வேனில்தான் அத்தையின் கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. லகாட் டவுனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் ஹுத்தான் மெலிந்தாங். எங்கள் வீடு தோட்டத்தின் கடைசி லயத்தில் இருந்தது. மாதா கோயிலோ பெரிய ரோட்டோரம், தோட்டத்து வாசலில். இடையில் செம்பனைக் காட்டுக்குள் நீண்ட செம்மண் பாதை. அம்மாவும் உறவினர்களும் முன்னாலேயே போய்விட்டார்கள். கடைசி வண்டியில் வெள்ளைப் பட்டுச் சேலையும் வலை முக்காடுமாக அத்தை, கோட்டு போட்ட அப்பா, வேனுக்கு ரிப்பன் கட்டிய சித்தப்பா, பூக்கூடையோடு நான்.

பாதிக்கு மேல் வந்திருப்போம். எஞ்சின் திடீரென்று ஓவென்று கத்தியது. ஆனால் வேன் நகரவில்லை. சித்தப்பா வேக மிதியை இன்னும் அழுத்தினார். கத்தல் கூடியதே தவிர சக்கரம் சும்மா இருந்தது. கருகல் வாடை குப்பென்று அடித்தது.

அப்பா இறங்கி வந்து, வெல்வெட்டையும் பொருட்படுத்தாமல் இருக்கையைத் தூக்கினார். கியர் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் இருக்க வேண்டிய நுனியில் கறுப்பாக ஒரு பிசுக்கு மட்டும் ஒட்டியிருந்தது.

“சொட்டு எண்ண இல்லடா! கியர் பொட்டி வெந்துபோச்சு!”

சித்தப்பா கைக்குட்டையை எடுத்து வெல்வெட்டில் பட்ட கறையைத் துடைத்தார்.

போனில் லைன் இல்லை. இராத்திரி பெய்த மழையில் பாதை முழுக்கச் சிவப்புச் சேறு. வெள்ளைச் சேலையோடு நடந்தால் மணப்பெண் செங்கல் சூளையிலிருந்து வந்தவள் மாதிரிதான் போய்ச் சேருவார். அதைவிடப் பெரிய சிக்கல் ஃபாதர். மத்தியானம் அவருக்குக் கோப்பெங்கில் ஒரு அடக்கப் பூசை இருந்தது. செத்தவரைக் காத்திருக்க வைக்க முடியாது, நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆத்திரத்தில் சித்தப்பா கியர் தண்டை மேலும் கீழும் இழுத்தார். படக்கென்று வேன் பின்னால் துள்ளியது. அப்பா ஒரே தாவாகத் தாவி ஒதுங்கினார்.

“கோஸ்தான் வேலை செய்யுது!” என்று கத்தினேன் நான். பின்னால் ஓட்டுவதற்கு எங்கள் ஊரில் அதுதான் பேச்சு.

“செஞ்சு என்ன புண்ணியம்? வீட்டுக்குத்தான் போகலாம்,” என்றார் சித்தப்பா. அவருக்கு ஏற்கெனவே கோஸ்தான் என்றால் ஆகாது. எங்கே வண்டியைப் பின்னால் எடுத்தாலும் ஒருவர் நின்று கத்த வேண்டும். கத்தியும் ஒருமுறை லோங்காங் சாக்கடையில் இறக்கியிருக்கிறார்.

அத்தை முக்காட்டைச் சுருட்டித் தோளில் போட்டார்.

“அண்ணே, எறங்குங்க. நான் எடுக்குறேன்.”

“நீயா? கல்யாணப் பொண்ணுலா நீ!”

“நாள் பூரா இதைத்தானே செய்றேன். சாமான் ஏத்திட்டா முன்னால ஒண்ணும் தெரியாது. ஃபோர்க்லிஃப்ட்ட கோஸ்தான்லதான் ஓட்டுவோம். எறங்குங்க, நேரமாவுது!”

வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் செம்பனை வரிசைக்குள் மேடாக ஏறும் ஒரு சந்து இருந்தது. அதற்குள் வேனைப் பின்னாலேயே ஏற்றினார். பிறகு கியரை எடுத்துவிட்டார். வேன் மேட்டிலிருந்து தானாக உருண்டு இறங்கியது. அத்தை ஸ்டீரிங்கை ஒரு சுற்று சுற்றினார். இப்போது வேனின் மூக்கு வீட்டைப் பார்த்தது, முதுகு கோயிலைப் பார்த்தது.

“பாப்பா, பின்னால ஆளு, மாடு, எது வந்தாலும் சொல்லு!”

அதற்குப் பிறகு நடந்ததுபோல் ஒன்று என் வாழ்க்கையில் இன்னும் நடக்கவில்லை. அத்தை ஒரு கையை இருக்கைமேல் போட்டு, உடம்பைத் திருப்பி, பின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு வேனை விட்டார். எஞ்சின் பன்றி மாதிரி உறுமியது. செம்பனை மரங்கள் தப்பான பக்கமாக ஓடின. சித்தப்பா முக்காடு கியரில் சிக்காமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார், பூசையில் உதவி செய்கிறவர் மாதிரி. அப்பாவும் நானும் பின் இருக்கையில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தோம்.

“மாடு! அத்தை, மாடு!”

ஹாரன் அடித்தார். மாடு அசையவில்லை. அதைச் சுற்றி, பள்ளத்துக்கு ஒரு சாண் விட்டு, வளைத்துக் கொண்டுபோனார். அப்பா “சேசுவே!” என்றார். நான் கைதட்டினேன். பூக்கூடை கவிழ்ந்து வேன் முழுக்க ரோஜா இதழ்.

அடுத்த வளைவில் செம்பனைக் குலை ஏற்றப்போகும் காலி லோரி ஒன்று எதிரே வந்தது. பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அத்தை நிறுத்தவே இல்லை. வேகத்தை மட்டும் குறைத்து, ஓரத்துப் புல்லில் இரண்டு சக்கரத்தை ஏற்றி, லோரியை உரசாமல் கடந்தார். லோரிக்காரர் தலையை வெளியே நீட்டி, மணக்கோலத்தில் வண்டியைப் பின்னால் ஓட்டிப்போகும் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் எங்கள் கோயில்காரர்கூட இல்லை.

அத்தை சிரித்தார். அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கோயில் மணி கேட்டது. இன்னும் ஒரே ஒரு வளைவு. அத்தை திடீரென்று வேனை நிறுத்தினார்.

“என்ன, இதுவும் போச்சா?” என்றார் அப்பா பதறி.

“இல்லண்ணே. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க வாசல்ல நிப்பாங்க.” பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, “சின்னண்ணே, வேன் உங்களுது. நீங்க ஓட்டி வந்ததாவே இருக்கட்டும்,” என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நன்றாக ஓட்டிவிட்டு, எல்லோரும் பார்க்கிற இடத்திலா விட்டுக்கொடுப்பது? “வேணாம் அத்தை, நீங்களே ஓட்டுங்க!” என்று கெஞ்சினேன். அவர் அதற்குள் பின் இருக்கைக்கு வந்து, முக்காட்டை விரித்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

கடைசித் தூரத்தைச் சித்தப்பா ஓட்டினார். வேன் பாம்புபோல நெளிந்தது. வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களில் ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றது. நின்றதும் கீழே ஏதோ உடைந்து சிதறும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கோஸ்தானும் இல்லை. ஆனால் கூட்டம் ஓ என்று ஆர்ப்பரித்தது. படியில் ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாடற்குழு அவசரமாக ஆரம்பித்தது. கல்யாணம் நடந்துவிட்டது.

சாப்பாட்டுப் பந்தலில் சித்தப்பாதான் கதாநாயகன். கிளாஸை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தான் மாட்டைச் சுற்றி வளைத்ததையும், லோரியை உரசாமல் கடந்ததையும் சொன்னார். சொல்லச் சொல்லப் பாதை நீண்டது, மாடுகள் மூன்றாயின. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்தேன். அவர் பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் மேடைக்கு ஓடினேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அத்தை கல்யாண கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

“அத்தை, சித்தப்பா பொய் சொல்றாரு! நீங்கதானே ஓட்...”

முடிப்பதற்குள் ஒரு பெரிய துண்டு கேக் என் வாய்க்குள் வந்துவிட்டது. அத்தை தன் விரலாலேயே என் உதட்டு ஓரத்தைத் துடைத்து, கன்னத்தைக் கிள்ளினார்.

அந்தப் பந்தலில் இத்தனை பேர் இருக்க, முதல் துண்டு எனக்கு! அத்தைக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போனேன். அடுத்த துண்டுக்கு மறுபடியும் வாயைத் திறந்தேன்.