கவ்வாத்தும் ஒரு பச்சைப் பூதமும்

மேடையில் எந்தப் பக்கம் கிடைத்தாலும் அதை வெல்லும் பக்கமாக்கிவிடுவேன் என்று எங்கள் பாடசாலையில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததில்லை. எனினும் என் விவாதங்களில் கடினமானது எதுவென்று கேட்டால், நடுவரும் மணியும் இல்லாமல், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து அறையில் தங்கச்சியோடு நடந்ததைத்தான் சொல்வேன்.

நாங்கள் இருவரும் போனில் ஒரு விளையாட்டு ஆடிவந்தோம். பூதங்களைப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, மோதவிட வேண்டும். நன்கு வளர்ந்த இரண்டை இணை சேர்த்தால் இரண்டின் வித்தையும் கொண்ட குட்டி பிறக்கும். ஆனால் பெற்ற இரண்டும் அப்போதே விடைபெற்றுப் போய்விடும், பிறகு வருவதேயில்லை.

தங்கச்சி முதன்முதலில் பிடித்தது ஒரு பச்சைப் பூதம்; தவளைக்கும் பூசணிக்காய்க்கும் இடைப்பட்ட உருவம். அதற்குத் தீனி போடாமல் அவள் சாப்பிட உட்கார்ந்ததில்லை. எதிரி வீசுவதை விழுங்குவது அதன் வித்தை; வலிமையோ ஓர் எல்லையில் நின்றுவிட்டது. நானுஓயாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பெரியப்பா மகன், தன் நெருப்புப் பறவையால் அதைத் திரும்பத் திரும்ப வீழ்த்தினான். இது பூதமா, பொரியலுக்கு வைத்த காயா என்றும் கேட்டான். ஊருக்குப் போகுமுன் ஞாயிற்றுக்கிழமை கடைசிப் போட்டி என்று அறிவித்தான்.

வெல்ல வழி ஒன்றே: பச்சைப் பூதத்தை என் கற்பூதத்தோடு இணை சேர்ப்பது. அவள் மாட்டேன் என்றாள். நான் எழுந்து நின்றேன். சன்னலுக்கு வெளியே அப்போதுதான் தேயிலையைக் கவ்வாத்து வெட்டி முடித்த மலை மொட்டையாகக் கிடந்தது. அதைக் காட்டினேன். வெட்டாமல் விட்ட தேயிலை கொழுந்து குறைந்து மரமாகிவிடுவதையும், வெட்டுவது அழிப்பதற்காக அல்ல, தழைப்பதற்காகவே என்பதையும் ஏற்ற இறக்கத்தோடு எடுத்துரைத்தேன்.

கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "கவ்வாத்துல வேரு அங்கயே இருக்குண்ணே. இதுல வேரே போயிடுது."

அரங்கமாக இருந்திருந்தால் கைதட்டல் அவளுக்குத்தான். ஆனால் மறுப்புரைக்கு மறுப்புரை சொல்லப் பழகியவன் நான்.

"வேரு அந்தப் பூதம் இல்ல, நீதான். வளர்த்த கை உன்கிட்டதானே இருக்கு."

 அவள் போனை என் கையில் வைத்தாள்.

"சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. அப்ப நீங்களே அழுத்துங்க."

எந்தப் போட்டியிலும் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பேசியவன் வெற்றிக் கிண்ணத்தோடு வீட்டுக்குப் போகலாம். பேசியதைச் செய்துகாட்டு என்று நடுவர் சொல்வதில்லை. நான் அழுத்தினேன். இரண்டு பூதங்களும் அருகருகே நின்றன. பச்சைப் பூதம் ஒருமுறை திரும்பிக் கையசைத்துவிட்டு நடந்தது. காட்சியைத் தாண்டிச்செல்ல ஒரு பொத்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. என் தோளில் நாடியை ஊன்றி அவளும் கடைசிவரை பார்த்தாள்.

அவை இரண்டும் விட்டுச்சென்ற முட்டை உடைந்தது. சாம்பல் நிறத்தில், நிற்கவே தெரியாத ஒரு குட்டி. அதற்கு நல்ல தமிழில் ஒரு பெயர் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் போனைப் பறித்துக்கொண்டு, "பேசுறதுக்கு நீங்க, பேரு வைக்கிறதுக்கு நான்" என்று தீர்ப்பளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைவரை அதற்குத் தீனி போட்டு வளர்த்தாள். அன்று போட்டியில் நெருப்புப் பறவை தன் முழு நெருப்பையும் கக்கியது. குட்டி வாயைத் திறந்து அதை விழுங்கியது. பிறகு கல்லாய் இறுகி, பறவையின் மேல் விழுந்தது.

பெரியப்பா மகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத எங்க புடிச்ச?"

"புடிக்கல," என்றாள் தங்கச்சி. "எங்க வீட்டுல பொறந்துச்சு."