வெற்றுக்கணத்தின் கீழ் ஒரு கையெழுத்து

மகளின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்கள். பார்த்ததும் பிரஸ் மெஷினின் எண்ணெய் வாடை வந்தது. உங்களுக்கு வராது. ஒரகடத்தில் தகடு வெட்டியவனுக்கு வரும்.

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு அங்கே ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். பட்டத்தின் திமிர் மட்டும் குறையவில்லை. பென்னலூரில் என் அறையில் தங்கியிருந்த மாரியப்பனிடம்தான் அதைக் காட்டுவேன். அம்பாசமுத்திரத்துக்காரன், ஐ.டி.ஐ. படித்தவன், என் பக்கத்து மெஷின். 'இதுவும் அதுவும்' என்று இரண்டு கூற்றுகளைச் சேர்ப்பதும், இரண்டு கணங்கள் வெட்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று செய்தித்தாள் ஓரத்தில் வட்டம் போட்டுக் காட்டினேன்.

"நம்ம பிரஸ்ஸு மாதிரின்னு சொல்லு. வலது கையும் பட்டன்ல இருக்கணும், எடது கையும் இருக்கணும். ரெண்டும் இருந்தாத்தான எறங்கும்?"

என் பேராசிரியர்கூட இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை. பொறாமையில் அடுத்ததை எடுத்தேன். உறுப்பினரே இல்லாத வெற்றுக்கணத்தில் 'எல்லோரும் இப்படி' என்று எதைச் சொன்னாலும் உண்மைதான். பொய்யாக்க ஓர் ஆளாவது வேண்டுமே.

"ஏல, இது ஏமாத்து வேலைல்லா!" என்றான். நான் சிரித்தேன்.

உற்பத்தி போதவில்லை என்று ஒருநாள் சூப்பர்வைசரே மாரியப்பன் மெஷினின் இடது பட்டனை அமுக்கி டேப் ஒட்டிவிட்டார். இரண்டில் ஒன்று எப்போதும் உண்மை என்றாகிவிட்டால், மெஷின் இறங்க மற்றது மட்டும் போதும்; இடது கை உள்ளே இருந்தாலும் இறங்கும். அந்த ஷெட்டில் இதை என்னைவிட நன்றாக அறிந்தவன் இல்லை. வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மாரியப்பனின் இடது கையில் நான்கு விரல்கள் போயின.

மறுநாள் அலுவலகத்தில், சாட்சிக் கையெழுத்துக்கு என்று என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். 'இந்த லைனில் நிரந்தரத் தொழிலாளர் எவருக்கும் காயமில்லை.' அந்த லைனில் நிரந்தரத் தொழிலாளர் ஒருவர்கூடக் கிடையாது. அத்தனை பேரும் கான்ட்ராக்ட்.

"இன்னாப்பா யோசிக்கிற? இதுல எதுனா பொய் கீதா?" என்றார் சூப்பர்வைசர்.

இல்லை. அதுதான் கொடுமை. வேலை போய்விடும் என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டேன். தர்க்கத்தைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளைக் காட்டியே, விபத்து எதுவும் நடக்கவில்லை என்று சாதித்துவிட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது மாரியப்பன் பையின் ஜிப்பை ஒரு கையால் இழுக்க முடியாமல் நின்றான். நான் இழுத்துவிட்டேன்.

"நீ பொய் ஒண்ணும் சொல்லலல்லா," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்று அந்தக் கம்பெனி இல்லை. ஷெட்டில் வேறு பெயர்ப்பலகை. அறை இருந்த இடத்தில் நான்கு மாடி விடுதி. மாரியப்பனின் எண் உபயோகத்தில் இல்லையாம். அவனுக்கு அடிபட்டது, டேப் ஒட்டியிருந்தது, நான் பார்த்தேன்: மூன்றே வரி. இப்போது எழுதிவிட்டேன். வாங்கிக்கொள்ள அந்த அலுவலகம் இல்லை.