செவ்வாய்க்கிழமை போன்

என் அக்காள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிற மனுஷனுக்கு, அக்காள் விஷயத்தில் மட்டும் கண் மண் தெரியாது. பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்கினார் என்று அவள் வாய்தவறிச் சொன்னாள். மறுமாதமே டாக்டரை மாற்றிவிட்டார். எனக்கு அத்தானைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாத டெலிபோன் பில்லில் நான்கு கலெக்ட் கால் இருந்தன. கூப்பிடுகிறவனுக்குச் செலவில்லாமல், போனை எடுத்துப் பேசுகிறவர் தலையில் கட்டணம் விழும் அழைப்பு. கேள்விப்படாத ஊர். எல்லாம் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. அத்தான் கடையில் இருக்கும் நேரம்.

"எனக்கு ஒரு போனும் வரலைங்க" என்றாள் அக்காள்.

"காசு குடுத்துக் கேக்குற அளவுக்கு அவன் குரல் இனிக்குதோ?"

அந்த மாதம் முழுக்க, இல்லாத ஒருவனின் குரலை நினைத்து நினைத்து வெந்தார். அக்காள் வேலை செய்தபடி ஏதாவது முணுமுணுத்தால்கூட, யார் சொல்லிக் கொடுத்த பாட்டு என்று கேட்டார்.

அடுத்த பில்லிலும் நான்கு செவ்வாய்க்கிழமைகள். ஆனால் இந்த முறை அத்தான் கத்தவில்லை. "போகட்டும், கட்டிடலாம்" என்றார்.

"கட்டினா நான் பேசினேன்னு ஆயிடும். பேசலைன்னு உங்க வாயால சொல்லுங்க" என்றாள் அக்காள். அவர் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அவள் பெட்டியோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பத்து நாள் பார்த்தேன். பிறகு கடைக்கே போய் அத்தானைக் கிளப்பி, அக்காளையும் கூட்டிக்கொண்டு டெலிபோன் ஆபீசுக்குப் போனேன்.

"வீட்ல இருந்து எடுத்துப் பேசியிருக்காங்கன்னு பதிவாயிருக்கே" என்றார் அங்கிருந்த கிளார்க், அக்காளைப் பார்த்தபடி. "பேசலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் கிளார்க்கின் மேஜையருகே நகர்ந்தார்.

"இந்த ரெண்டாவது பில்லுல இருக்கற நாலு செவ்வாயும் லைனே கிடையாது சார். மாடிப்படிக்குக் கீழ இருக்கற போன் டப்பாவுல நான்தான் ஒயரைப் பிடுங்கிட்டு கடைக்குப் போனேன். மத்தியானம் வந்து மாட்டினேன்."

"எதுக்கு?"

"இவ பேசக் கூடாதுன்னு."

கிளார்க் அதை அப்படியே எழுதினார். இதே ஊரிலிருந்து வந்ததாக இன்னும் பல பில்களில் ஏற்றியிருக்கிறார்கள், மோசடிதான், உங்களுடையதை ரத்து செய்துவிடலாம் என்றார்.

வெளியே வந்ததும் அத்தான், "நீ பேசல. போதுமா? வீட்டுக்குப் போலாம் வா" என்றார்.

"நான் பேசலைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது பில்லு வந்தப்பவே."

அக்காள் என் பக்கம் திரும்பினாள். "நம்ம பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.