என் அம்மாவுக்கு ஒருவர் குரல் கொடுத்தார்

அம்மாவைப் பற்றி நான் எழுதிய சிறிய புத்தகம் ஒலிநூலாக வெளிவந்ததும், அதை முதன்முதலில் வேலைக்குப் போகும் வழியில் கேட்டேன். நான் குடியிருப்பது மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில். வேலை கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில், சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில். காலை ஃபெரியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் பெருமையோடுதான் அதைத் திறந்தேன். அக்கரை வருவதற்குள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அன்று கடலில் அலையே இல்லை.

முதலில் வயலின் வந்தது. அடுத்து ஒரு பெருமூச்சு. அதற்குப் பிறகுதான் என் முதல் வாக்கியம். அம்மா ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார் என்று சாதாரணமாகத்தான் எழுதியிருந்தேன். வாசித்தவர் 'அம்மா'வை இழுத்து, நடுங்கவைத்து, கடைசியில் தொண்டைக்குள் விழுங்கினார். மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் உதடு பிரியும் ஈரச் சத்தம் கேட்டது. முன்பின் தெரியாத ஒருவர் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு சாப்பிடுவதுபோல் இருந்தது.

அம்மா எலக்ட்ரானிக் பலகைகளில் சிறு சிறு பாகங்களைப் பொருத்தும் லைனில் இருந்தவர். வேகமாகப் பேசுவார். "சாப்ட்டியா, பேக் எங்க, கெளம்பு லா, பஸ் உனக்காக நிக்குமா?" என்று ஒரே மூச்சில் என்னை வீட்டை விட்டு வெளியே தள்ளிவிடுவார். கேலி பேசுவார், சண்டை போடுவார். இறக்கும்போது அவருக்குத் தலை நரைத்திருக்கவில்லை. ஒலிநூலில் அவர் முனகிக்கொண்டு பேசும் ஒரு கிழவி. "கண்ணா... சாப்ட்டியாடா..." என் அம்மா என்னை ஒருநாளும் கண்ணா என்று கூப்பிட்டதில்லை. நானும் அப்படி எழுதவில்லை. வாசித்தவராகச் சேர்த்துக்கொண்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிறகு அந்த சூப்பர்வைசர் வந்தார்.

அம்மாவின் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தவர் ஒரு சீனப் பெண்மணி. நானும் தங்கையும் அவரை ஆன்ட்டி என்போம். அம்மா வேலை நேரத்தில் மயங்கி விழுந்தபோது ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல், தன் காரிலேயே புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். நாங்கள் போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றிருந்தார். எங்களிடம் செய்தியைச் சொன்னதும் அவர்தான். தமிழ்ப் பெண்களோடு வேலை பார்த்துப் பார்த்து அவருக்கு எங்களைப்போலவே தமிழ் வரும். புத்தகத்திலும் அப்படியே பேசவிட்டிருந்தேன்.

வாசித்தவர் அவருக்கு மூக்கால் கீச்சிடும் ஒரு குரலைக் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் எல்லோரும் பேச்சில் எப்போதாவது போடும் 'லா'வைச் சொல்லுக்குச் சொல் போட்டிருந்தார். மருத்துவமனை வராந்தாவில் நின்று, "அம்மா போயிட்டாங்க" என்று ஆன்ட்டி சொல்லும் இடத்திலும் அதே கோமாளிக் குரல். அடுத்த நொடி மறுபடியும் வயலின், பிறகு விசும்பல். பட்டர்வொர்த்தில் இறங்கியதும் இயர்ஃபோனைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்தேன். எதற்காகத் துடைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒலிநூலுக்கு நான் சம்மதித்ததே பெரும்பாலும் ஆன்ட்டிக்காகத்தான். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "நான் எங்க இருக்கேன், காட்டு" என்றார். காட்டினேன். அந்த வரிகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "எழுத்து தெரியாது தம்பி, காது நல்லா இருக்கு" என்றார். ஒலிநூல் வரப்போகிறது என்று சொன்னதிலிருந்து, எப்போது பார்த்தாலும் எப்போது வரும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூரில் இருந்த அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண் உற்சாகமாகப் பேசினார். "சார், ரெஸ்பான்ஸ் ரொம்ப நல்லா இருக்கு. சும்மா படிச்சா ஆளுங்க ரெண்டு நிமிஷத்துல ஆஃப் பண்ணிடுவாங்க. ஃபீல் வேணும் சார்." வாசித்தவர் அந்த வாரக் கடைசியில் ஒரு கல்யாண விருந்துக்கு அறிவிப்பாளராகப் பினாங்கு வருகிறார், நேரிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்று அவருடைய போன் எண்ணையும் கொடுத்தார்.

மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சந்தித்தோம். ஆள் வருவதற்கு முன்பே அவருடைய சென்ட் வாசனை வந்துவிட்டது. கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"அண்ணே, உங்கம்மா என்னைத் தூங்க விடல அண்ணே. அந்த ஆஸ்பத்திரி சீன்ல நெஜமாவே அழுதுட்டேன். ஒரே டேக்."

"நீங்களே அழுதுட்டா, கேக்குறவங்க என்ன செய்யுறது?" என்றேன்.

பாராட்டு என்று நினைத்துச் சிரித்தார். "அந்தச் சீன ஆன்ட்டி வாய்ஸ் எப்படி இருந்திச்சு?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அங்கேயே பேசிக் காட்டத் தொடங்கினார். அந்தக் கீச்சுக் குரல் கடை முழுக்கக் கேட்டது. கல்லாவில் இருந்தவர் சிரித்தார். தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தகப்பன் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். என் முன்னால் மீ கோரெங் நூடுல்ஸ் இருந்தது. தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

"அந்த எடத்த மட்டுமாவது திரும்பப் படிச்சுக் கொடுங்க" என்றேன்.

"முழுக்க சோகமா போனா தாங்க மாட்டாங்க அண்ணே. நடுவுல கொஞ்சம் சிரிக்கணும்லா."

"அந்த ஆன்ட்டி உயிரோட இருக்காங்க."

ஒரு கணம் யோசித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "அவங்களுக்குத் தமிழ் தெரியாதுல்ல?"

"நல்லா தெரியும்."

"அப்படியா! சூப்பர் அண்ணே. அப்ப அவங்களும் என்ஜாய் பண்ணுவாங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது. என் அம்மாவின் சாவுக்கு உண்மையிலேயே கண்ணீர் விட்டவர், அதே மூச்சில் அம்மாவின் பக்கத்தில் நின்றவரைக் கேலிப்பொருளாக்கியிருக்கிறார். இரண்டிலும் கேட்கவேண்டியது தன் குரல்தான் என்று நினைத்திருக்கிறார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆன்ட்டி அதைக் கேட்பதற்குள் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் ஃபெரியில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் போனேன். கதவைத் திறந்த அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தங்கை ஆசையாக லிங்க்கை அனுப்பிவைத்திருக்கிறாள். காபியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வாத்து மாதிரி கத்துறது நான்தானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் எழுதினது அப்படி இல்ல ஆன்ட்டி."

"சரி, என்னை விடு. உங்கம்மாவ ஏன் கெழவியாக்கிட்டான்? அவ இப்படியா அழுவா? மெஷின் நின்னாலும் அவ வாய் நிக்காது." கோபத்தில் பிஸ்கட் டின்னை மூடினார், மறுபடியும் திறந்தார். "பாதியில நிறுத்திட்டேன். பொத்தகம் வச்சிருக்கியா? நீ படி."

பையில் ஒரு பிரதி இருந்தது. எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வராது. அலுவலகக் கடிதத்தை வாசிப்பதுபோல் ஒரே சீராகத்தான் போனேன். சில இடங்களில் திக்கினேன். அவர் ஒரு காதைச் சற்று என் பக்கம் திருப்பிவைத்துக் கேட்டார். அம்மா சண்டை போடும் பகுதியில், நான் குரலை மாற்றாமலேயே அவருக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய தலைக்குள் அம்மாவின் குரல் ஏற்கெனவே இருந்தது. நான் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

மருத்துவமனைப் பகுதி வந்தது. என் குரல் நடுங்க ஆரம்பித்தது. முதல் நடுக்கம் தானாக வந்தது. இரண்டாவதை நான் கொஞ்சம் நீட்டினேன். நன்றாக இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. ஆன்ட்டி மேசையைத் தட்டினார்.

"அழாதே தம்பி. நீ அழுதா எனக்குக் கேக்கல."

வெட்கமாகப் போய்விட்டது. மாமாக் கடையில் எதைப் பார்த்து எழுந்து வந்தேனோ, அது என் தொண்டைக்குள்ளும் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசித்தேன். அவர் சொன்ன வரி வந்தபோது, கடையில் ஒருவர் சில்லறை இல்லை என்று சொல்வதைப்போல வெறுமனே சொன்னேன். "அம்மா போயிட்டாங்க."

"ஆமா" என்றார் ஆன்ட்டி. "அப்படித்தான் சொன்னேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அதன் பிறகு அவர்தான் அழுதார். நான் அடுத்த பத்திக்குப் போகாமல் காத்திருந்தேன். அவர் கையால் சைகை காட்டியதும் தொடர்ந்தேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் முழுப் புத்தகத்தையும் வாசித்து முடித்தேன். இடையிடையே, இல்லை, அன்றைக்கு மழை பெய்யவில்லை என்று சண்டை போடுவார். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒலிநூலை எடுத்துவிடச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினேன். ஒப்பந்தம் அப்படி இல்லை, வேண்டுமானால் வயலினைக் குறைக்கிறோம் என்றார்கள். குறைத்தார்கள். இப்போது அந்த உதட்டுச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் என் கையைக் குலுக்கி, "உங்க பொத்தகம் கேட்டேன், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிரிச்சு" என்று சொல்லி, பந்தியிலேயே அந்தக் கீச்சுக் குரலில் "அம்மா போயிட்டாங்க லா" என்று பேசிக் காட்டினார். பக்கத்து இலைக்காரர்களும் சிரித்தார்கள். பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து கைகழுவப் போனேன். குழாயடியில் வாயையும் இரண்டுமுறை கொப்பளித்தேன்.